சீலாத் துண்டுக்கு எடை சேர்க்கும் மெஷின்: சில வருடம் ஓட்டிப் பார்த்த பிறகு

மண்டபம் பக்கம் சொந்தக்காரர் ஒருவருடைய மீன் வெட்டும் கூடத்தை நான் கவனித்துக்கொள்கிறேன். சென்னைக்காரர்கள் வஞ்சிரம் என்று கேட்கும் சீலா, கொஞ்சம் பாறை மீன், சீசனில் ஊசிக்கணவாய். துண்டு போட்டு, உறைய வைத்து, 500 கிராம், 1 கிலோ அட்டைப்பெட்டிகளில் அடைத்து மதுரைக்கும் சென்னைக்கும் அனுப்புகிறோம். இந்தப் பெட்டிகளை நிரப்புவதற்காக பன்னிரண்டு தட்டு உள்ள எடை சேர்க்கும் மெஷின் ஒன்றை வாங்கிப் போட்டோம். பிளாஸ்ட் ஃப்ரீசருக்கு அடுத்து எங்கள் கூடத்தில் விலை கூடிய சாமான் இதுதான். வாங்கிய புதிதில் எழுதியிருந்தால் வெறும் பாராட்டாகத்தான் இருந்திருக்கும். இப்போது மீன்பிடித் தடைக்காலம், மழைக்காலம், மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று எல்லாம் அது பார்த்துவிட்டது. வாங்க நினைத்து விசாரிக்கிற சில பேருக்குப் போனில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே முழுசாக எழுதி வைக்கிறேன்.

மெஷினின் கம்பெனிப் பெயர் எழுதப் போவதில்லை. ஒரே அச்சில் வார்த்த மாதிரி பல பெயர்களில் வருகிறது, உள்ளே இருக்கும் விஷயம் ஒன்றுதான்.

முதலில் கைவேலை எப்படி நடந்தது என்று சொன்னால்தான் மெஷின் என்ன செய்கிறது என்பது புரியும். மேஜைத் தராசில் பெட்டியை வைத்து, ஸீரோ பண்ணி, துண்டுகளை ஒவ்வொன்றாக வைப்பார்கள். 112, 104, 121, 90. நாலு துண்டில் 427 ஆகிவிட்டது. இன்னும் 73 வேண்டும். கையில் அடுத்து வருவது 109. வைத்தால் 536. அதை எடுத்துவிட்டு வேறு தேட வேண்டும், குவியலைக் கிளற வேண்டும், கையுறைக்குள் விரல் மரத்துப்போயிருக்கும், வெளியே லாரிக்காரர் ஹாரன் அடிப்பார். சரி போகட்டும் என்று 536-ஐ மூடி ஒட்டிவிடுவார்கள். சீலா கிலோ ஆயிரம் ரூபாயைத் தொடும் நாளில் அந்த 36 கிராம் என்பது 36 ரூபாய். பெட்டிக்குப் பெட்டி இப்படிக் கொசுறு போனால் மாதக் கடைசியில் லாபம் எங்கே என்று தேட வேண்டியதுதான். யாரும் திருடவில்லை, யாரும் சோம்பேறியும் இல்லை. ஐந்தாவது துண்டுதான் பிரச்சினை.

மெஷின் இதைத் தலைகீழாகச் செய்கிறது. பன்னிரண்டு குட்டி பெல்ட்டுகள் வரிசையாக இருக்கும், நாங்கள் தட்டு என்றுதான் சொல்கிறோம். ஒவ்வொன்றுக்கும் அடியில் எடையை உணரும் ஒரு லோடு செல். பெண்கள் ஒரு தட்டுக்கு ஒரு துண்டு வைத்துக்கொண்டே போவார்கள். உதாரணத்துக்கு இப்படி நிரம்பியிருக்கிறது என்று வையுங்கள்: 96, 112, 83, 131, 104, 78, 121, 90, 109, 99, 87, 126. இதில் ஐந்து துண்டை எடுக்க 792 வழிகள் இருக்கின்றன. கண்மூடித் திறப்பதற்குள் அத்தனையையும் கூட்டிப் பார்த்து 131, 78, 99, 83, 109 என்று எடுக்கிறது. கூட்டிப் பாருங்கள், சரியாக 500. அந்த ஐந்து பெல்ட் மட்டும் உருண்டு துண்டுகளைக் கீழே நீளப் பெல்ட்டில் தள்ளும். அது கொண்டுபோய்ப் பெட்டிக்காரப் பெண்ணிடம் சேர்க்கும். காலியான ஐந்து தட்டில் புதிய துண்டு விழும், மறுபடி கணக்கு. எல்லா முறையும் அச்சாக 500 வராது. 501, 503 என்று நிற்கும். ஆனால் 536 என்ற பேச்சே இல்லை.

இந்த யோசனை ஜப்பானில் 1972-இல் வந்தது. கியோட்டோவின் இஷிடா கம்பெனி குடைமிளகாயைச் சரியான எடையில் பொட்டலம் போடுவதற்காக முதல் மெஷினைச் செய்தது. குடைமிளகாய் ஒன்று போல ஒன்று இருக்காது, வெட்டிச் சரிக்கட்டவும் முடியாது. எங்கள் சீலாத் துண்டும் அதே ஜாதிதான். உலகம் முழுக்க இன்று சிப்ஸ் பாக்கெட்டை நிரப்பும் கூம்பு வடிவ மெஷின்கள் அந்த வம்சத்தில் வந்தவை. அந்த வகையை மீனுக்கு வாங்க வேண்டாம். மேலிருந்து கொட்டினால் உறைந்த துண்டின் ஓரம் உடையும், உறையாத துண்டு பக்கெட்டில் ஒட்டிக்கொண்டு விழாது. கையால் வைக்கும் பெல்ட் வகைதான் எங்களைப் போன்ற கூடத்துக்குச் சரி.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. ஏஜென்ட் சொல்லாதது, எங்கள் அனுபவத்தில் தெரிந்தது. இந்த மெஷினுக்குத் துண்டுகள் ஒரே மாதிரி இருக்கக் கூடாது.

கேட்க விசித்திரமாக இருக்கும். மெஷின் வந்ததும் எல்லாரும் முதலில் நினைப்பது, துண்டு சீராக வெட்டினால் எடை சுலபமாக வரும் என்று. எங்கள் முதலாளியும் அறுவை மெஷினில் அளவுக்கட்டையை இறுக்கி வைத்து, நடுவயிற்றுத் துண்டெல்லாம் அச்சுப் போல அறுக்க வைத்தார். பார்க்க அழகு. துண்டெல்லாம் 105-ஐ ஒட்டி நின்றது. நாலு வைத்தால் 420, ஐந்து வைத்தால் 525. நடுவே ஒன்றுமே கிடையாது! பன்னிரண்டு தட்டும் நிரம்பி, மெஷின் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு சும்மா நிற்கிறது. 792 வழி இருந்தும் எல்லா வழியும் ஒரே இடத்துக்குத்தான் போகிறது என்றால் அது என்ன செய்யும்?

தீர்வு வால்பக்கத்தில் இருந்தது. சீலா தலையிலிருந்து வாலுக்குப் போகப் போக ஒடுங்கும். ஒரே கனத்தில் அறுத்தாலும் வால்பக்கத் துண்டு 60, 70 கிராம்தான் வரும். முன்பு அதையெல்லாம் தனியாகக் குவித்து விலை குறைத்துத் தள்ளுவோம். இப்போது ஒரு மீனின் துண்டுகளைப் பிரிக்காமல் கலந்தே மேஜைக்கு அனுப்புகிறோம். கூடத்துப் பெண்கள் வால் துண்டைச் சில்லறை என்றே சொல்கிறார்கள். பஸ் கண்டக்டர் பையில் ரூபாய் நோட்டு மட்டும் இருந்தால் எப்படித் திணறுவாரோ அப்படித்தான் சில்லறை இல்லாத மெஷின்.

ஆனால் அதிலும் ஒரு வில்லங்கம். எடை சரியாக வந்தால் போதும் என்று அது ஒரே பெட்டியில் நாலு வால் துண்டைத் தள்ளிவிடும். அதற்கு வயிறும் வாலும் தெரியாது, கிராம்தான் தெரியும். மதுரைக் கடைக்காரர் பெட்டியைத் திறந்து போட்டோ எடுத்து அனுப்பிவிட்டார், அதில் முழுக்க வால். மேஜையில் மூத்தவரான பெரியக்காதான் வழி கண்டுபிடித்தார். “தம்பி, சில்லறைய ஒண்ணாம் தட்டுலயும் பன்னிரெண்டாம் தட்டுலயும் மட்டும் வைக்கச் சொல்லு. அதுக்கு மேல அது எங்கேருந்து எடுக்கும்?” தட்டுக்கு ஒரு துண்டுதானே. எப்படிக் கூட்டினாலும் ஒரு பெட்டிக்கு இரண்டு வாலுக்கு மேல் போகாது. மெனுவில் ‘கலவை’ என்று ஒரு செட்டிங் இருக்கிறது, அதை நோண்டவே தேவைப்படவில்லை. அன்றிலிருந்து அந்த இரண்டு தட்டின் ஓரத்திலும் சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறது.

ஊசிக்கணவாய் வளையத்துக்கு இந்த மெஷின் வேண்டாம் என்பது என் முடிவு. ஒரு வளையம் பத்துப் பதினைந்து கிராம்தான். கையால் போட்டாலே கடைசியில் ஒரு வளையத்தைக் கூட்டிக் குறைத்து எடையைப் பிடித்துவிடலாம், கொசுறு அதிகம் போனால் பத்து கிராம். ஏஜென்ட் டெமோவில் வளையத்தையும் ஓட்டிக் காட்டினார், ஓடியது. ஆனால் மிச்சம் பிடிப்பது எங்கே? துண்டு பெரிதாக, விலை கூடியதாக, தாறுமாறாக இருந்தால்தான் மெஷினுக்குக் கொடுத்த காசு திரும்பும். வளையம் இன்றும் மேஜைத் தராசில்தான் போகிறது.

பனிப்பூச்சு பற்றிச் சொல்லியாக வேண்டும், இதில் சண்டை வராத கூடம் இல்லை. உறைந்த துண்டை ஐஸ் தண்ணீரில் சில நொடி முக்கி எடுத்தால் மேலே மெல்லிய பனிக்கட்டித் தோல் பிடிக்கும். மீன் காய்ந்து வெளுக்காமல் அது காக்கும். ஆனால் பெட்டியில் எழுதும் நிகர எடை மீனுடையது, பனியுடையது அல்ல. துண்டுகளை முக்கிய பிறகுதான் தட்டில் வைக்கிறோம் என்பதால், மொத்த எடையில் 5 சதவீதம் பனி என்றால் 500 கிராம் மீனுக்கு மெஷினில் 527 என்று இலக்கு வைக்க வேண்டும். மேலே நான் சொன்ன உதாரணமெல்லாம் புரிவதற்காகப் பனியை ஒதுக்கிவிட்டுச் சொன்னது. அந்த 5 சதவீதம் நிலையாக நிற்பதில்லை என்பதுதான் தலைவலி. தண்ணீர் கொஞ்சம் சூடேறினால் பூச்சு மெலிகிறது, துண்டு கூடக் குளிர்ந்திருந்தால் தடிக்கிறது. முக்குகிற ஆள் பேசிக்கொண்டே இரண்டு நொடி கூட வைத்தால் அதுவும் கணக்கை மாற்றும். அதனால் ஒவ்வொரு லாட்டிலும் சில துண்டை எடுத்து எடை போட்டு, தண்ணீர் பீச்சிப் பனியைக் கரைத்து, துடைத்து, மறுபடி எடை போட்டுப் பார்க்கிறோம். அந்தக் கணக்கை வைத்துத்தான் அன்றைய இலக்கு. மெஷின் ஒரு கிராம் துல்லியம் என்று பீற்றிக்கொள்வதில் அர்த்தமே இல்லை, பனியில் பத்து கிராம் ஆடும்போது.

சட்டமும் இங்கேதான் வருகிறது. சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள் 2011-இன்படி 500 கிராம் பொட்டலத்தில் தனிப் பெட்டி ஒன்றுக்கு 15 கிராம் வரை பிழை அனுமதி உண்டு, 1 கிலோவுக்கும் அதே 15 கிராம்தான். இதைக் கேட்டதும் சிலர் 490-க்கு இலக்கு வைக்கலாமே என்பார்கள். கூடாது. பெட்டிகளின் சராசரி எழுதிய எடைக்குக் குறையக் கூடாது என்பதும் அதே விதியில் இருக்கிறது. முத்திரை போடுவதும் பரிசோதிப்பதும் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறை. மின்னணுத் தராசுக்கு வருடா வருடம் முத்திரை புதுப்பிக்க வேண்டும். மெஷின் போட்ட பெட்டிகளில் அவ்வப்போது ஒன்றை எடுத்து முத்திரைத் தராசில் வைத்துப் பார்த்து நோட்டில் எழுதி வைக்கிறோம், யார் வந்து கேட்டாலும் அந்த நோட்டைத்தான் நீட்டுவேன்.

சரி, இனி கடற்கரைக்காரர்களுக்கு மட்டும். உள்நாட்டில் கோழி வெட்டும் கூடத்தில் இதே மெஷின் நன்றாக ஓடுகிறது என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். உப்புக்காற்று வேறு விஷயம். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் உலோகம் எப்படி அரிக்கிறது என்று பார்ப்பதற்காகவே மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது என்றால் நம் ஊர்க் காற்றின் பெருமையை நீங்களே புரிந்துகொள்ளலாம். மெஷினின் உடம்பு 304 ரக எஸ்.எஸ்., அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். முதல் வருடத்திலேயே டீக்கறை மாதிரிப் பழுப்புப் புள்ளிகள். போதாததற்கு வேலை முடிந்ததும் குளோரின் தண்ணீர் விட்டுக் கழுவுகிறோம், அதுவும் அரிக்கும். கழுவிய பிறகு நல்ல தண்ணீரில் ஒரு முறை அலசித் துடைக்கச் சொன்னதிலிருந்து புள்ளி பெருகுவது மட்டுப்பட்டது. வாங்கும்போது உப்பை இன்னும் தாங்கும் 316 ரகம் கேளுங்கள். விலை கூடும், ஆனால் பெல்ட்டைத் தாங்கும் சட்டத்துக்காவது கேளுங்கள்.

உடம்பு துருப்பிடித்தால் பார்க்கத்தான் அசிங்கம். கனெக்டர் அரித்தால் எடையே பொய்யாகிவிடும். லோடு செல் என்பது ஒரு உலோகக் கட்டை. அதன் மேல் ஒட்டிய மெல்லிய கம்பிப் பட்டை, எடை ஏறும்போது கட்டை கண்ணுக்குத் தெரியாத அளவு வளைவதை மின்தடை மாற்றமாகக் காட்டும். அங்கிருந்து வருவது மில்லிவோல்ட் கணக்கில் நூலிழை மின்சாரம். இடையில் ஒரு பின்னில் பச்சை பூத்தால் போதும், எண் ஆடத் தொடங்கிவிடும். ஏழாம் தட்டில் இப்படித்தான் ஆனது. ஒன்றும் வைக்காமலே 2, 0, 3, 1 என்று ஓடிக்கொண்டிருந்தது. “ஏழாம் நம்பர் பொய் சொல்லுது தம்பி” என்று முதலில் சொன்னதும் பெரியக்காதான். சர்வீஸ் ஆள் போனிலேயே லோடு செல் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று விலை சொல்லிவிட்டார். கழற்றிப் பார்த்தால் கனெக்டர் மட்டும்தான் பச்சையாக இருந்தது. சுத்தம் செய்து, கிரீஸ் தடவி, ரப்பர் உறை போட்டதும் சரியாகிவிட்டது. வேறொரு தட்டில் நிஜமாகவே செல் போனபோது புதியது வந்து சேர வாரக்கணக்கில் ஆனது. அதுவரை பதினோரு தட்டில் ஓட்டினோம். ஒரு தட்டை அணைத்துவிட்டு மிச்சத்தை ஓட்டும் வசதி இருக்கிறது, இந்த மெஷினில் எனக்கு மிகவும் பிடித்த விஷயங்களில் அது ஒன்று. ஒரு லோடு செல்லும் இரண்டு பெல்ட்டும் கையிருப்பில் இல்லாமல் இந்தக் கரையில் மெஷினை நம்ப வேண்டாம். பெல்ட்டை மதுரையில் அளவு கொடுத்துச் செய்துகொள்ளலாம், ஒரிஜினலைவிட ஒன்றும் மோசமில்லை.

காற்றே எடையாகத் தெரியும் என்பதும் புது அனுபவம். லாரிக்குச் சரக்கு ஏற்ற ஷட்டரைத் தூக்குவோம். கச்சான் வீசுகிற மாதங்களில் காற்று ஒரு வீச்சு உள்ளே வந்தால் பன்னிரண்டு எண்ணும் சேர்ந்து ஆடும். எண் நிலைக்காமல் மெஷின் கணக்குப் போடாது, அதனால் வேகம் பாதியாகிவிடும். பிவிசி திரை போட்டு, மெஷினைக் குளிரூட்டி விசிறியின் நேர் வழியிலிருந்து தள்ளி வைத்த பிறகு அமைதி. ஐஸ் உடைக்கும் மெஷின் ஸ்டார்ட் ஆகும் நேரத்தில் வோல்டேஜ் விழுந்து எண் துள்ளியதற்குத் தனி யுபிஎஸ் போட்டோம். எர்த் குழி தனியாக வேண்டும், மணல் தரையில் பழைய குழியை நம்பக் கூடாது.

தடைக்காலம் இதற்கு ஆகாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு மீன் கொஞ்சம் வரும், அதற்குக் கைத்தராசே போதும். மூடிப் போட்டு வைத்த மெஷினுக்குள் ஈரம் இறங்கி, ஜூன் கடைசியில் திறந்தால் பாதி தட்டு ஸீரோவுக்கே வராது. இப்போது கன்ட்ரோல் பெட்டிக்குள் சின்ன ஹீட்டர் எரிகிறது, வாரத்துக்கு ஒரு முறை காலியாகவே ஓட விடுகிறோம். மற்ற மாதங்களிலும் வரத்து சீராக இல்லை. பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நாலு நாள் என்ற ஏற்பாடு. விசைப்படகு கரை சேரும் நாளில் மலை போல வரும், மறுநாள் கூடம் கூட்டிப் பெருக்கத்தான் ஆகும். மெஷின் கம்பெனி போடும் ‘ஒரு மணிக்கு இத்தனை பெட்டி, வருடத்துக்கு இத்தனை லட்சம் மிச்சம்’ என்ற கணக்கு தினமும் சரக்கு வரும் ஊருக்குப் போட்ட கணக்கு.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மெஷின் கணக்குப் போடும் வேகம் பெரிதுதான், ஆனால் ஒரு பெட்டிக்கு ஐந்து துண்டை யாரோ கையால் வைத்தாக வேண்டுமே. மூன்று பேர் இடைவிடாமல் வைத்தால்தான் அது ஓடிக்கொண்டிருக்கும். எங்கள் கூடத்தில் ஆள் குறையவில்லை, குறைக்கவும் இல்லை. வேலை லேசானது உண்மை. தராசு எண்ணையே முறைத்துப் பார்த்துக் குவியலைக் கிளறும் வேலை போய், எடுத்து வைக்கும் வேலை மட்டும் மிஞ்சியது. திரையில் தமிழ் இல்லை, ஆங்கிலமும் சீனமும்தான். பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கை வைத்தே எல்லாரும் பழகிவிட்டார்கள்.

இன்னும் தீராத குறை ஒன்று இருக்கிறது. 160, 170 கிராம் உள்ள பெரிய தோள் துண்டு எந்தக் கூட்டலிலும் சேராமல் தட்டிலேயே உட்கார்ந்துவிடும். மற்றவை வந்து வந்து போகும், இது மட்டும் பனிப்பூச்சு கரைந்து ஈரம் கோத்து நிற்கும். இத்தனை சுற்றுக்கு மேல் எடுபடாத துண்டைக் கட்டாயம் சேர்த்துக்கொள் என்று செட்டிங் வைக்கலாம், வைத்தால் அந்தப் பெட்டியில் கொசுறு கூடுகிறது. வைக்காவிட்டால் துண்டு கெடுகிறது. இப்போதைக்குப் பெரிய மீன் வரும் நாளில் தோள் துண்டை ஒதுக்கி 1 கிலோ பெட்டிக்கு ஓட்டுகிறோம், அதில் சுலபமாகச் சேர்ந்துவிடுகிறது. 500 கிராம் ஆர்டர் மட்டுமே உள்ள நாளில் என்ன செய்வது என்பதற்கு வழி தெரிந்தவர்கள் சொன்னால் நல்லது.

டெமோ பார்க்கப் போகிறவர்கள் ஐஸ் பெட்டியில் உங்கள் மீனையே எடுத்துக்கொண்டு போங்கள். அவர்கள் தரும் பிளாஸ்டிக் கட்டை வழுக்கிக்கொண்டு ஓடும், தோலோடு இருக்கும் சீலா அப்படி ஓடாது. வாலும் தோளும் கலந்து எடுத்துப் போங்கள். தட்டில் வைத்து, பெட்டியில் விழுந்ததை அங்கேயே வேறு தராசில் போட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் விலை பேசுங்கள்.